மைக்கை அடைக்கச் சொன்னவர்

1. சத்தமே வேண்டாம்

மலேசியாவில், கோலசிலாங்கூரில் மைக் செட் கடை வைத்துப் பிழைத்தவன் நான். கல்யாணம், கோயில் திருவிழா, துக்க வீடு, கட்சிக் கூட்டம் என்று எல்லாவற்றுக்கும் வேனில் ஸ்பீக்கரை ஏற்றிக்கொண்டு போயிருக்கிறேன். சுங்கை பெசாரிலிருந்து ராசா வரை என் ஹார்ன் கட்டாத தோட்டம் குறைவு. இந்தத் தொழிலில் திட்டு வாங்காத நாளே கிடையாது. முன்னால் உட்கார்ந்திருப்பவர் "காது கிழியுது" என்பார். பின்னால் இருப்பவர் "ஒண்ணுமே கேக்கல லா" என்பார். இரண்டு பேரும் வாடகை கொடுப்பவருக்குச் சொந்தக்காரர்களாக இருப்பார்கள்.

ஆனால் சத்தமே வேண்டாம் என்று ஒருவர் சொல்லி நான் கேட்டது எண்பதுகளின் நடுவில்தான். அது ஒரு கட்சிக் கிளையின் விளக்கக் கூட்டம். இடம் எங்கள் பாலத்தடித் தோட்டத்து மண்டபம். நான் பிறந்து வளர்ந்த தோட்டம் என்பதால் வாடகையில் பாதிதான் வாங்குவேன். அந்தப் பாதியும் பல சமயம் கைக்கு வராது.

கிளைத் தலைவர் வீராசாமி, தோட்டத்தில் ஆட்களை வேலை வாங்கும் மண்டோர், வழக்கம்போலக் கூட்டத்தைச் சூடேற்றிவிட்டு, "இப்ப திருமேனி சார் பேசுவாரு" என்று அறிவித்தார். வெள்ளைச் சட்டையைக் கழுத்துப் பொத்தான் வரை போட்ட ஒருவர் மெதுவாக மேடை ஏறினார். சுங்கை பெசார் பக்கம் வாத்தியாராக இருந்து, வேலையை விட்டுவிட்டு முழுநேரமாகக் கட்சியில் இறங்கியவர். வந்ததும் மைக்கின் தலையை உள்ளங்கையால் மூடினார். ஏதோ கோளாறு என்று நினைத்து ஓடினேன்.

"மைக்க அடைச்சிருங்க தம்பி," என்றார். எங்கள் ஊரில் விளக்கானாலும் மைக்கானாலும் நிறுத்துவதற்கு அடைப்பது என்றுதான் பெயர்.

"பின்னால கேக்காது சார்."

"கேப்பாங்க."

என் ஆம்ப்ளிஃபயர் பழைய வால்வு செட். ஸ்விட்சை அடைத்துவிட்டால் மறுபடி சூடேறிப் பேசுவதற்குள் பேச்சாளர் மேடையிலிருந்தே இறங்கிவிடுவார். அதனால் நான் யார் சொன்னாலும் ஸ்விட்சைத் தொடுவதில்லை. வால்யூமை மட்டும் அடியோடு குறைத்துவிட்டு, "சரி சார், அடைச்சாச்சு" என்பேன். சிவப்பு விளக்கு எரிந்துகொண்டே இருக்கும். அதை யாரும் கவனிக்க மாட்டார்கள். இந்த வழக்கத்தை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் வேண்டியிருக்கிறது.

"நான் கத்த வரல," என்று திருமேனி சார் ஆரம்பித்தார். பக்கத்தில் படுத்திருக்கும் குழந்தை விழித்துவிடக் கூடாது என்பதுபோலப் பேசினார். "கத்தறவங்கள நெறைய பாத்துட்டீங்க. காத மட்டும் குடுங்க."

மண்டபம் முழுவதும் முன்னால் சாய்ந்தது. நான் எப்போதும் ஓரத்தில் நிற்பவன், பக்கவாட்டில் பார்த்தேன். வரிசை வரிசையாக எல்லா முதுகும் ஒரே கோணத்தில் வளைந்திருந்தன. அவர் மூச்சு வாங்க நிறுத்தினால் அவர்களும் நிறுத்தினார்கள். வெளியே செம்பனைக் காட்டில் ஏதோ ஒரு பறவை விட்டுவிட்டுக் கத்தியது. அது மட்டும்தான் அந்தக் கூட்டத்தில் சேராதது.

பேசி முடித்ததும் கைதட்டப் போகிறார்கள் என்று காத்திருந்தேன். ஒருவரும் தட்டவில்லை. முன்வரிசையில் வெள்ளைச் சட்டை போட்ட பையன்கள் எழுந்தார்கள். ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல், ஒருவர் காலை ஒருவர் குனிந்து பார்த்துக்கொண்டார்கள். அதுதான் அவர்களுடைய வணக்கம் என்று பிறகு தெரிந்துகொண்டேன்.

2. வேர் அணி

அவர்கள் தங்களை வேர் அணி என்று சொல்லிக்கொண்டார்கள். தனிக் கட்சி அல்ல. எங்கள் கட்சிக்குள்ளேயே, எங்கள் கிளைக்குள்ளேயே, அதே உறுப்பினர் அட்டையோடு இருந்தார்கள். "வேரைப் பார்" என்பதுதான் மொத்தக் கொள்கை. யாரை முதன்முதலில் பார்த்தாலும் அவன் காலைப் பார்க்க வேண்டும், அவன் எந்த மண்ணிலிருந்து வந்தவன், யார் பெற்றவன் என்று நினைக்க வேண்டும். வேர் கலந்தால் குடும்பம் போகும், கோயில் போகும், கடைசியில் தோட்டமும் போகும் என்பார் திருமேனி சார்.

கேட்டவர்கள் முட்டாள்கள் அல்ல. அந்தக் காலத்தில் கித்தா என்கிற ரப்பர் காட்டை அழித்துச் செம்பனை நட்டுக்கொண்டிருந்தார்கள். பால் மரம் வெட்டிய பெண்களுக்கு வேலை குறைந்தது. தோட்டம் கைமாறப் போகிறது என்று வாரத்துக்கு ஒரு வதந்தி வரும். தோட்டத்து வரிசை வீடுகளான லயத்தில் பிறந்தவர்களிடமே குடியுரிமைக்கான நீலநிற ஐசி அட்டை இல்லாமல் இருந்தது. யாரும் எதற்கும் பதில் சொல்வதில்லை. அப்படி இருக்கும்போது ஒருவர் வந்து, மெல்லிய குரலில், உங்கள் கஷ்டத்துக்குக் காரணம் உங்களுக்குள்ளேயே கலந்திருக்கிறது என்று சொன்னால் காது போகத்தான் செய்யும். எனக்கே ஒன்றிரண்டு இடத்தில் சரியாகத்தான் சொல்கிறார் என்று பட்டது. நான் ஒன்றும் பெரிய ஞானி இல்லை.

தொகுதித் தலைவரிடம் வீராசாமி மண்டோர் இதைப் பற்றி முறையிட்டார். மைக் கட்டப் போன இடத்தில் நானும் பக்கத்தில் இருந்தேன்.

"ஐயா, இவனுங்க போக்கு சரியில்லங்க. நம்ம ஆளுங்கள நம்ம ஆளுங்களே மொறைக்க வைக்கிறானுங்க."

தலைவர் கெக்கேபிக்கே என்று சிரித்தார். "மண்டோரே, இந்த அஞ்சாறு வெள்ளச் சட்டக்காரனுங்களா கட்சிய புடிச்சிருவானுங்க? கூட்டத்துக்கு ஆள் கொண்டு வரானுங்களா இல்லியா? ஓட்டு விழுதுல்ல, விடுங்க லா. வேல முடிஞ்சதும் ஓரம் கட்டிருவோம்."

அப்போது அவருடைய காரோட்டி கதவைத் திறந்து பிடித்துக்கொண்டு நின்றான். அவன் தலைவரின் முகத்தைப் பார்க்கவில்லை. பளபளவென்று இருந்த அவருடைய சப்பாத்தைக் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தான். தலைவர் அதைக் கவனிக்காமல் ஏறிப் போய்விட்டார்.

3. அக்காவும் கேசட்டும்

இந்த இடத்தில் என் அக்காவைப் பற்றிச் சொல்ல வேண்டும். முத்துலெட்சுமி என்று பெயர். தோட்டத்தில் எல்லோருக்கும் லெச்சுமி டீச்சர். சுங்கை பெசாரில் ஒரு சீனக் கடைக்காரர் வீட்டில் பிறந்தவள். பிறந்த நேரம் குடும்பத்துக்கு ஆகாது என்று யாரோ சொல்ல, தொப்புள்கொடி காய்வதற்கு முன் என் அம்மாவிடம் கொடுத்துவிட்டார்கள். அம்மாவுக்கு அப்போது குழந்தை இல்லை. அப்படித் தமிழ் வீட்டில் வளர்ந்த சீனப் பெண்கள் எங்கள் பக்கத்தில் நிறையப் பேர் உண்டு, அதை யாரும் அதிசயமாகப் பார்த்ததில்லை. அக்கா வந்த ராசியில்தான் நான் பிறந்தேன் என்று அம்மா சாகும் வரை சொல்லிக்கொண்டிருந்தாள். அதனால் வீட்டில் நல்ல துண்டு மீன் எப்போதும் அக்கா தட்டில்தான் விழும். எனக்குத் தலை.

அக்கா கல்யாணம் செய்துகொள்ளவில்லை. கட்சிக் கிளை நடத்திய பாலர் பள்ளியில் ஆசிரியை. அந்த வேலைக்குக் கிளை உறுப்பினராக இருக்க வேண்டும். வேலையில் இருக்கும் வரைதான் லயத்தில் அந்த வீடு. அம்மா எங்களை வளர்த்த வீடு அது. உறுப்பினர் அட்டை போனால் வேலை போகும், வீடு போகும். அதையெல்லாம் விட, அவள் எங்கள் ஆள் இல்லை என்று ஊர் கூடிச் சொன்னதாக ஆகிவிடும்.

ஒரு நாள் மத்தியானம் பள்ளி விட்டதும் என்னிடம் வந்தாள்.

"தம்பி, இன்னிக்கி ஒரு பிள்ளகூட என் மூஞ்சப் பாக்கல."

"ஏன்க்கா, திட்டுனியா?"

"இல்லடா. வணக்கம் டீச்சர்னு சொல்லுதுங்க. ஆனா எல்லாம் என் காலயே பாக்குதுங்க. நான் ஏதோ ஒட்டிக்கிட்டு இருக்கோன்னு செருப்பக் கழட்டிப் பாத்தேன்."

சிரித்துக்கொண்டேதான் சொன்னாள். ஆனால் சொல்லும்போது கால் விரல்களைப் பாவாடைக்குள் இழுத்துக்கொண்டாள்.

அந்த வாரம் திருமேனி சார் பேசிய கூட்டத்தை நான் கேசட்டில் பதிவு செய்திருந்தேன். கூட்டங்களைப் பதிவு செய்து கிளைக்கு ஒரு பிரதி கொடுப்பது வழக்கம். ஸ்பீக்கரின் வால்யூமைக் குறைத்தாலும் கேசட்டுக்குப் போகும் வயர் தனி. அக்கா என்ன பேசினார்கள் என்று கேட்க விரும்பினாள். கடையின் பின்னறையில் போட்டேன். அவர் குரல் ஏறக்குறைய விழவே இல்லை. வேறு ஏதோ ஒரு சத்தம்தான் நாடா முழுவதும் இருந்தது. ஏறியது, இறங்கியது, ஏறியது. நாடா ஓடும் இரைச்சல் என்று நினைத்து வேறு கேசட்டைப் போட்டுப் பார்த்தேன், அதில் இல்லை. மறுபடி இதைப் போட்டேன்.

அக்காதான் முதலில் கண்டுபிடித்தாள். "மூச்சுடா," என்றாள். "எல்லாரும் ஒண்ணா மூச்சு விடுறாங்க."

மண்டபம் நிறைய ஆட்கள், ஒரே நேரத்தில் இழுத்து ஒரே நேரத்தில் விட்டுக்கொண்டிருந்தார்கள். எங்கள் ஆற்றோரத்து மரங்களில் மின்மினிகள் எல்லாம் ஒன்றாக எரிந்து ஒன்றாக அணையுமே, அப்படி. அதைப் பார்க்கும்போது அழகாக இருக்கும். மனிதர்கள் அப்படிச் செய்வதைக் கேட்க முடியவில்லை. நிறுத்தப் போனேன். அக்கா கையைப் பிடித்துக்கொண்டாள். நடுவில் ஒரே ஒரு இருமல் தனியாகக் கேட்டது.

"இது பச்சையம்மாக்கா இருமலு," என்றாள் அக்கா. பக்கத்து லயத்துப் பச்சையம்மா, களை வெட்டும் வேலை செய்பவள். "நல்ல வேள, அதுவாச்சும் இருமுது."

4. எதிர்ப்பவர் எழுந்து நிற்கலாம்

எங்கள் கிளையில் தீர்மானம் நிறைவேறுவது கைதட்டலால்தான். சட்டப் புத்தகத்தில் அப்படி இல்லை. ஆனால் வீராசாமி மண்டோர் காலம் முழுவதும் அப்படித்தான் நடந்தது. "யாருக்கும் மறுப்பு இல்லன்னா ஒரு தட்டு தட்டுங்க!" என்று அவர் கூவுவார். நான் மைக்கைக் கூட்டத்தின் பக்கம் திருப்பி வால்யூமை ஏற்றுவேன். கொஞ்சப் பேர் தட்டினாலும் ஆயிரம் பேர் தட்டியதுபோல இருக்கும். பிடிக்காதவர்கள் தட்டாமல் வெற்றிலையை மென்றுகொண்டிருப்பார்கள். சில சமயம் தட்டு பலமில்லை என்று தெரிந்தால் மண்டோரே, "சரி, இத அடுத்த தடவ பாத்துக்கலாம்" என்று மடித்து வைத்துவிடுவார். ஒழுங்கான முறை இல்லைதான். ஆனால் யாரும் பயந்ததில்லை.

அடுத்த ஆண்டுக் கூட்டத்தில் வெள்ளைச் சட்டைகள் மண்டபத்தில் பாதியை நிரப்பினார்கள். திருமேனி சார் கிளைச் செயலாளர் ஆனார். மண்டோரைப் பெயருக்குத் தலைவராக விட்டுவைத்தார்கள். அன்றைக்கே செயலாளர் முறையை மாற்றினார்.

"கைதட்றது சந்தக் கடையில," என்று மெல்லச் சொன்னார். "இனிமே தீர்மானத்தப் படிப்பேன். எதிர்க்கிறவங்க எழுந்து நிக்கலாம். யாரும் நிக்கலன்னா நிறைவேறிடுச்சி."

கேட்பதற்கு நியாயமாகத்தான் இருந்தது. முதல் தீர்மானம், கூட்டத்தில் வெற்றிலை போடக் கூடாது என்பது. இதற்குப் போய் யார் எழுவார்கள்? யாரும் எழவில்லை. அடுத்து, கூட்டத்துக்கு வெள்ளைச் சட்டையில் வருவது நல்லது என்றார்கள். யாரும் எழவில்லை. உட்கார்ந்தே இருப்பதற்கு ஆட்களைப் பழக்குகிறார் என்று எனக்கு அப்போது உறைக்கவில்லை. கோயில் கமிட்டியில் இருந்த ஒருவரின் மகன் மலாய்க்காரப் பெண்ணைக் கட்டிக்கொண்டு போயிருந்தான். அதற்காக அப்பனைக் கமிட்டியிலிருந்து எடுக்க வேண்டும் என்று பிறகு ஒரு தீர்மானம் வந்தது. அந்த அப்பன் அங்கேயே உட்கார்ந்திருந்தார். தனக்காகத் தானே எழுவதற்குக்கூட அவரால் முடியவில்லை. இரண்டு கையாலும் நாற்காலியைப் பிடித்துக்கொண்டு, எழுந்துவிடாமல் தன்னையே அழுத்திக்கொண்டதுபோல இருந்தார்.

கூட்டம் கலைந்தபோது வீராசாமி மண்டோர் வேன் பக்கத்தில் வந்து நின்றார். வாட்டசாட்டமான ஆள்.

"மணியம், நான் எந்திரிக்கலாம்னுதான் பாத்தேன்டா. காலு வரல. சத்தியமா சொல்றேன், காலு இருக்குற எடமே தெரியல."

நான் வயரைச் சுற்றிக்கொண்டிருந்தேன். எனக்கும் பயமாக இருந்தது.

5. ஞாயிற்றுக்கிழமை காலை

அக்காவின் பெயர் வரும் என்று எதிர்பார்த்ததுதான். பாலர் பள்ளியில் கலப்பு வேர் உள்ளவர் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லக் கூடாது, கிளையிலும் இருக்கக் கூடாது என்று தீர்மானம். ஞாயிற்றுக்கிழமை காலைக் கூட்டம். மைக் செட் வேண்டும் என்று என்னிடமே சொல்லி அனுப்பினார்கள். தொகுதித் தலைவர் வருகிறாராம், அவர் மைக் இல்லாமல் பேச மாட்டாராம். இவள் என் அக்கா என்று தெரிந்தும் என்னைக் கூப்பிட்டார்கள். என்னையும் உட்கார்ந்தவர்கள் கணக்கில் சேர்த்துவிட்டார்கள் என்பதுதான் அதற்கு அர்த்தம். அதை நினைத்தபோதுதான் எனக்கு முதன்முதலில் கோபம் வந்தது.

"போகாத தம்பி," என்றாள் அக்கா. "உன் பொழப்பக் கெடுத்துக்காத."

"நீ போவியா?"

"நான் போகாம? என்னைப் பத்திப் பேசுறாங்க, மரியாதையா போயி உக்காந்து கேக்குறதுதான் முறை." நல்ல சேலையாகப் பார்த்துக் கட்டிக்கொண்டாள். எப்போதும் போடும் செருப்பைப் போடாமல் வெறுங்காலோடு வந்தாள். ஏன் என்று நான் கேட்கவில்லை. பார்க்க வேண்டுமென்றால் நன்றாகப் பார்த்துக்கொள்ளட்டும் என்று நினைத்தாளோ என்னவோ.

மண்டபத்துக்கு வெளியே நல்ல வெயில். உள்ளே தகரக் கூரையின் கீழ் வெள்ளைச் சட்டைகள் வரிசையாக, கைகளை முட்டியின்மேல் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தன. அக்காவிடம் அகரம் படித்த பிள்ளைகளின் அப்பா அம்மாக்கள் முக்கால்வாசிப் பேர் அங்கே இருந்தார்கள். அக்கா நடந்து வந்தபோது அத்தனை தலைகளும் குனிந்தன. வெட்கப்பட்டுக் குனிந்தார்களா, வணக்கத்துக்குக் குனிந்தார்களா என்று என்னால் சொல்ல முடியவில்லை. அவர்களாலும் முடிந்திருக்காது.

தொகுதித் தலைவர் மைக்கில் ஏதோ பேசினார். யாரும் தட்டவில்லை. கைதட்டலுக்காக அவர் நிறுத்திய இடங்களில் எல்லாம் வெறுமை. நாலாவது இடத்தில் அவர் குரல் தடுமாறியது. வியர்வையைத் துடைத்துக்கொண்டு உட்கார்ந்தார். ஓரம் கட்டப்போவது யார் யாரை என்று அவருக்கு அப்போதுதான் புரிந்திருக்க வேண்டும்.

திருமேனி சார் எழுந்தார். "மைக்க அடைச்சிருங்க தம்பி."

"அடைச்சாச்சு சார்." வால்யூமைக் குறைத்தேன். சிவப்பு விளக்கு எரிந்தது.

தீர்மானத்தைப் படித்தார். அக்காவின் பெயரைச் சொல்லவில்லை, "அந்தப் பெண்மணி" என்றார். படித்துவிட்டு, "எதிர்க்கிறவங்க எழுந்து நிக்கலாம்," என்றார்.

எல்லோரும் ஒன்றாக மூச்சை உள்ளே இழுத்தார்கள். கேசட்டில் கேட்ட அதே சத்தம். நான் நின்றுகொண்டுதான் இருந்தேன். "நான் எதிர்க்கிறேன் சார்," என்றேன்.

அவர் என் பக்கம் திரும்பாமலே சொன்னார். "மைக் செட்டுக்காரவங்க எப்பவும் நிக்கிறவங்க. அது கணக்குல வராது."

வாழ்நாள் முழுக்க நான் பாடுபட்டது ஒரே ஒரு விஷயத்துக்கு, மைக் ஊளையிடாமல் பார்த்துக்கொள்வதற்கு. மைக்கை ஸ்பீக்கருக்கு நேராகக் காட்டி வால்யூமை ஏற்றினால், அதன் சத்தத்தை அதுவே கேட்டு, கேட்டதையே திரும்பக் கத்தி, காது பிளக்கிற ஊளையாக வளரும். கற்றுக்குட்டிதான் அப்படி விடுவான். அன்றைக்கு நான் மைக்கை ஸ்டாண்டிலிருந்து உருவி, பெரிய பாக்ஸ் ஸ்பீக்கரின் வாய்க்கு நேராகப் பிடித்து, வால்யூமைக் கடைசி வரை திருகினேன். வேண்டுமென்றே செய்தேன். இன்றைக்கும் அதற்காக வருத்தப்படவில்லை.

முதல் நொடியில் ஊளை வரவில்லை. அவர்கள் இழுத்து வைத்திருந்த மூச்சை ஒன்றாக விட்ட சத்தம், ஸ்பீக்கர் வழியாக மண்டபத்தில் பெரிதாகக் கேட்டது. தங்கள் மூச்சைத் தாங்களே கேட்டார்கள். சில முகங்கள் வெளுத்ததைப் பார்த்தேன். அதற்குள் ஊளை கிளம்பிவிட்டது. தகரக் கூரை அதிர்ந்தது. நாற்காலிகள் சரிந்தன. காதைப் பொத்திக்கொண்டு, மண்டபத்தில் இருந்த அத்தனை பேரும் துள்ளி எழுந்து நின்றார்கள்.

நான் வால்யூமை இறக்கினேன். நின்றது. யாரும் அசையவில்லை. எதிர்க்கிறவர்கள் எழுந்து நிற்கலாம் என்று சொல்லியிருந்தார், எல்லோரும் நின்றுகொண்டிருந்தார்கள்.

"உக்காருங்க," என்றார் திருமேனி சார்.

வெள்ளைச் சட்டைகள் உட்கார்ந்தன. பின்னால் இருந்தவர்களும் உட்காரத் தொடங்கினார்கள். நாற்காலி இழுபடும் சத்தத்துக்கு நடுவில் ஒரு இருமல் கேட்டது.

"எனக்கு முட்டி வலி," என்றாள் பச்சையம்மா. "எந்திரிச்சது எந்திரிச்சாச்சு. மறுபடி உக்கார முடியாது. நான் நிக்கிறேன் லா."

அவளுக்கு முன்வரிசையில் பாதி உட்கார்ந்திருந்த வீராசாமி மண்டோர் அப்படியே நின்றார். தன் கால்களையே கொஞ்சநேரம் பார்த்தார். பிறகு நிமிர்ந்தார். அதன் பிறகு மூலையில் ஒருவர், நடுவில் கைக்குழந்தையோடு ஒரு பெண், கமிட்டியிலிருந்து எடுக்கப்பட்ட அந்த அப்பன். எழுந்து நிற்கத் தைரியம் இல்லாதவர்கள்தான் எல்லோரும். ஆனால் ஏற்கெனவே நின்றுவிட்டவர்களுக்கு, உட்காருவது என்பது அக்கா முகத்துக்கு நேராகத் தாங்களே செய்கிற ஒரு காரியமாகிவிட்டது. சிலரால் அதைச் செய்ய முடியவில்லை.

எல்லோரும் பேச ஆரம்பித்தார்கள். திருமேனி சார் ஏதோ சொன்னார், இரைச்சலில் கேட்கவில்லை. மறுபடி சொன்னார். உதடு மட்டும்தான் அசைந்தது. கடைசியில் என் பக்கம் கையை நீட்டினார்.

"மைக்கப் போடுங்க தம்பி."

"கெட்டுப் போச்சு சார்," என்றேன்.

அவர் கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் எனக்கு நன்றாக இருந்திருக்கும். குனிந்து என் கால்களைப் பார்த்தார். நிதானமாக, அடையாளம் வைத்துக்கொள்வதுபோல வெகுநேரம் பார்த்தார்.

6. நிற்கிற பழக்கம்

தீர்மானம் அன்றைக்கு நிறைவேறவில்லை. மறுபடி கொண்டு வரவும் இல்லை. ஐந்து பேர் நின்ற இடத்தில் அவர்களுக்கு வேலை ஓடாது போலிருக்கிறது. தோட்டம் விற்கப்பட்டு லயங்களை இடிக்கும் வரை அக்கா அந்த வீட்டிலேயே இருந்தாள். பிள்ளைகள் மெல்ல மெல்ல அவள் முகத்தைப் பார்க்கத் தொடங்கின. ஒரு பையன் மட்டும் கடைசி வரை பார்க்கவே இல்லை. அவனை நினைத்து அக்கா நிறைய அழுதிருக்கிறாள்.

நாங்கள் ஜெயித்துவிட்டோம் என்று நினைத்துக்கொள்ள வேண்டாம். எங்கள் மண்டபத்தில் நடக்காதது மற்ற மண்டபங்களில் நடந்தது. அடுத்த தேர்தலுக்குள் தொகுதித் தலைவரை அவருடைய சொந்தக் கூட்டத்திலேயே இறக்கினார்கள். யாரும் எழுந்து நிற்கவில்லை என்று கேள்விப்பட்டேன். கொஞ்ச வருடத்தில் வேர் அணி என்ற பெயரே காணாமல் போனது. ஒழிந்தது என்று சிலர் நிம்மதிப்பட்டார்கள். நான் கூட்டங்களுக்குப் போய்க்கொண்டிருந்தவன், எனக்குத் தெரியும். இனிமேல் அந்தப் பெயர் தேவைப்படவில்லை, அவ்வளவுதான். கட்சி என்றாலே போதும். பேச்சாளர்கள் எல்லோரும் மெதுவாகப் பேசினார்கள். கட்சி வேலை எனக்கு வருவதும் நின்றுபோனது.

இப்போது இந்தத் தொழிலுக்கு வரும் பிள்ளைகளிடம் நான் சொல்வது இதுதான். கத்துகிற பேச்சாளரால் உங்கள் ஸ்பீக்கர்தான் கிழியும், வேறு மாற்றிக்கொள்ளலாம். மைக்கை அடைக்கச் சொல்கிறவர் வந்தால் வால்யூமை மட்டும் குறையுங்கள், ஸ்விட்சைத் தொடாதீர்கள். நீங்கள் ஓரத்தில் நிற்பவர்கள். மற்றவர்களின் முதுகு எப்படி வளைகிறது என்று உங்களுக்குத்தான் தெரியும்.

சில வருடங்களுக்கு முன் ராவாங்கில் ஒரு குடியிருப்புச் சங்கக் கூட்டத்துக்கு மைக் கட்டினேன். அக்கா அப்போது என்னோடுதான் இருந்தாள், வீட்டில் தனியாக இருக்க வேண்டாம் என்று அழைத்துப் போயிருந்தேன். கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்தாள். சங்கத்துக்கு நீல நிறத்தில் சட்டை தைக்கலாம் என்று செயலாளர் சொன்னார். நல்ல பையன், சிரித்த முகம். எங்கிருந்து கற்றுக்கொண்டான் என்று அவனுக்கே தெரிந்திருக்காது.

"எதிர்க்கிறவங்க எழுந்து நிக்கலாம்," என்றான்.

மண்டபம் அமைதியானது. என் கை தானாக வால்யூம் மேல் போனது. கடைசி வரிசையில் அக்கா முன்நாற்காலியைப் பிடித்துக்கொண்டு, மெல்ல மெல்ல எழுந்து நின்றாள். எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள்.

"என்னம்மா, நீலம் வேணாமா?" என்று அந்தப் பையன் கேட்டான்.

"நீலம் நல்லா இருக்கும்யா," என்றாள் அக்கா. "சும்மாதான் நிக்கிறேன். பழக்கம் விட்டுப் போயிரக் கூடாதுல்ல."